மாயாக்காரன் கோபுரத்தில் ரெண்டு சம்பந்திகள்

இங்கிட்டு உக்காரும்மா. அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டு என்னத்துக்குச் சிரமப்படுறே, கீழ தள்ளு. சிவகாசிதானே? நானும் அங்கதான். இந்தா, லட்டு எடுத்துக்கோ. பேரன் பொறந்திருக்கான். ஒம்பது நாளாச்சு. அமெரிக்காவுல, ஹூஸ்டன்னு ஒரு ஊரு.

கேளு, கேளு. வாய் வரைக்கும் வந்துருச்சுல்ல? எல்லாரும் அதைத்தான் கேக்குறாக. மக பிரசவத்துக்குப் பெத்தவ போகாம இங்க எதுக்கு டப்பாவைத் தூக்கிக்கிட்டு அலையுறேன்னு. டிக்கெட் குடுத்த கண்டக்டர்கூட கேட்டுட்டாரு. போகாம இல்லம்மா, போனேன். மூணு மாசம் இருந்தேன். இருந்துட்டு, பிரசவத்துக்கு முன்னாடியே திரும்பி வந்துட்டேன். ஏன்னா நான் ஒரு கோபுரத்துல ஏறினேன். அம்புட்டுத்தான். அதுல மட்டும் ஏறாம இருந்திருந்தா, இந்நேரம் அங்க உக்காந்து பேரனைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டிக்கிட்டு இருப்பேன்.

சிரிக்காதே. வயித்தெரிச்சல்ல சொல்றேன்.

எம்பேரு மாரீஸ்வரி. சத்துணவுல முப்பது வருசம் அமைப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவ. எரநூத்தி நாப்பது பிள்ளைகளை வரிசையா உக்கார வச்சு, ஒரு பருக்கை கீழ சிந்தாமச் சோறு போட்டவ. வீட்டுக்காரர் என் மக சுகந்தி நாலாப்பு படிக்கையிலயே போயிட்டாரு. ஒத்தை ஆளா நின்னு வளத்தேன், படிக்க வச்சேன், அமெரிக்கா அனுப்புனேன். அப்பேர்ப்பட்டவளை ஒரு பல்லடத்துக்காரம்மா ஒரே மத்தியானத்துல கவுத்துப்புட்டாக.

யாரா? என் சம்பந்தியம்மா. மாப்பிள்ளையைப் பெத்தவுக. மயிலாத்தான்னு பேரு. தோட்டம், மாடு, கண்ணுன்னு இருந்தவுக. பிள்ளைக ரெண்டும் சென்னையில ஒரே ஆபீஸ்ல வேலை பாத்து, காதலிச்சுக் கட்டிக்கிட்டதுக. அதனால எனக்கும் அந்தம்மாவுக்கும் கல்யாண மேடையிலதான் பழக்கமே. குத்தம் சொல்ல ஒண்ணு கிடையாது அவுககிட்ட. அதுதான் குத்தமே! காலையில கண்ணு முழிச்சா "ஏனுங் சம்பந்தியம்மா, தூக்கம் வந்துச்சுங்களா?" காபி கலந்தா "நீங்க மொதல்ல குடிங்." டிவி போட்டா "நீங்க பாக்குறதையே வைங்." இப்படி ஒரு மனுசி எந்நேரமும் மரியாதை குடுத்துக்கிட்டே இருந்தா நம்மளும் பதிலுக்குக் குடுக்கணும்ல? இடுப்பு ஒடிஞ்சு போச்சும்மா எனக்கு.

அங்க சின்ன வீடு. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரூமு, ஒரே கட்டிலு. அவுகளுக்கு எடம் பத்தாதேன்னு நான் இந்த ஓரத்துக்கு நகர, எனக்கு எடம் பத்தாதேன்னு அவுக அந்த ஓரத்துக்கு நகர, நடுவுல ஒரு ஆளு படுக்கலாம். ஒரு நாள் விடிகாலையில நான் இங்கிட்டு விழுந்தேன், சத்தம் கேட்டு முழிச்ச அவுக அங்கிட்டு விழுந்தாக.

இதுல சிக்கல் என்னன்னா, பிரசவத்துக்கு ஒருத்தர்தான் இருக்க முடியும். அந்த ஆஸ்பத்திரியில பிரசவ ரூமுக்குள்ள புருசனோட சேத்து இன்னும் ஒரே ஒரு ஆளைத்தான் விடுவாகளாம். கொழந்தை வந்தா வீட்டுலயும் எடம் கெடையாது. ஒருத்தர் ஊருக்குக் கெளம்பணும். யாரு கெளம்புறது? மொதப் பிரசவம் தாய்வீட்டுப் பாத்தியதை. இது கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கும். ஆனா அந்தம்மா "நான் போறேனுங்"ன்னு வாயைத் தொறந்து சொல்லணும்ல? சொல்லல. "நான் இருக்கேனுங்"ன்னும் சொல்லல. சத்தமில்லாம சுகந்திக்குக் காலு அமுக்கி விடுறாக, கீரை வாங்கியாந்து ஆயுறாக. வயிறெரியுது எனக்கு.

சுகந்திக்கு ஆறாம் மாசம். மாப்பிள்ளை தரணிதரன் ஒருநாள் சொன்னாரு. "அத்தை, நாலு நாள் லீவு இருக்கு. உங்க ரெண்டு பேரையும் எங்கயாச்சும் கூட்டிட்டுப் போறேன். திரும்பி வந்ததும் ஒருத்தருக்கு டிக்கெட் போட்டாகணும். யாரு இருக்கிறதுன்னு நீங்களே பேசிச் சொல்லிருங்க." பாத்தியா, கெடு வச்சுட்டாரு. நான் உடனே நெனச்சேன், இந்தப் பயணத்துல இதை முடிச்சுப்புடணும்னு.

எங்க கூட்டிட்டுப் போனாருன்னா, ஏரோப்பிளேன்ல ரெண்டரை மணி நேரம் தள்ளி, பெலீஸ்னு ஒரு நாடு. கேள்விப்பட்டிருக்கியா? நானும் படலை. அங்க காட்டுக்குள்ள மாயான்னு ஒரு கூட்டம், ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி கட்டுன கோயிலுன்னாரு. கோயில்னு ஒரு வார்த்தை சொன்னா நம்ம என்ன செய்வோம்? தலைக்குக் குளிச்சேன், பட்டுச்சேலை கட்டுனேன், கற்பூரம் எடுத்து இடுப்புல முடிஞ்சேன். சுகந்தி தலையில அடிச்சுக்கிட்டா. "அம்மா, மழைக்காடும்மா அது, கொசு பிடுங்கும், பேண்ட் போட்டுக்கோ." கோயிலுக்குப் பேண்ட்டு போட்டுக்கிட்டா போவாக? சம்பந்தியம்மா என்ன செஞ்சாக தெரியுமா, நூல் சேலைக்குள்ள மகனோட ட்ராக் பேண்ட்டை மாட்டிக்கிட்டு வந்து நிக்காக. கணுக்கால்ல ரெண்டு வெள்ளைக் கோடு தெரியுது. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சிரிப்பு. இந்தம்மாவா என் மகளுக்குப் பிரசவம் பாக்கப் போகுதுன்னு.

வேனு போகுது போகுது, போய்க்கிட்டே இருக்கு. அப்புறம் நடை. மரமா அது! ஒவ்வொண்ணுக்கும் வேரே என் உசரம் நிக்குது. மேல வானமே தெரியல. வேர்வை ஊத்துது, பட்டு முதுகோட ஒட்டிக்கிச்சு, எனக்குன்னே காத்திருந்த மாதிரி அம்புட்டுக் கொசுவும் என்னையத்தான் கடிச்சுது. எலிசியோன்னு ஒரு கைடு. மாயா வம்சத்து ஆளாம். பாக்க நம்ம சாத்தூர்ப் பக்கத்து ஆளு கணக்காவே இருந்தான். நான் தமிழ்லயே பேசுனேன், அவன் பாட்டுக்குத் தலையை ஆட்டுனான். நல்ல மனுசன். அவன் என்னமோ ராசா, நட்சத்திரம், பந்து வெளையாட்டுன்னு சொல்லிக்கிட்டே வந்தான். சம்பந்தியம்மா மகனைக் கேட்டுக் கேட்டு எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டாக. நான் காலைப் பாத்து நடந்தேன்.

திடீர்னு காடு வெலகுச்சு. நிமிந்து பாத்தா, ஆத்தாடி! கல்லு மேல கல்லா அடுக்கி, ஒரே செங்குத்தா நிக்குது. படி ஒவ்வொண்ணும் முழங்கால் உசரம். அகலம் பாத்தா நம்ம அரைப் பாதம் நிக்கும். நடுவுல புடிச்சுக்க ஒரு தடிக்கயிறு தொங்குது. "உள்ள என்ன சாமி?"ன்னு கேட்டேன். சாமி இல்லையாம். பூசாரி? இல்லையாம். "அப்ப கற்பூரத்தை எங்க ஏத்துறது?"ன்னேன். காட்டுக்குள்ள நெருப்பு பத்த வச்சா ஜெயிலாம். இம்புட்டுத் தூரம் வந்ததுக்கு ஒரு துன்னூறு கெடயாது, ஒரு சுண்டல் கெடயாது. நான் அங்க அமைப்பாளரா இருந்தா இப்படியா வச்சிருப்பேன்?

அப்பத்தான் சம்பந்தியம்மா பைய வாயைத் தொறந்தாக. "ஏனுங் சம்பந்தியம்மா, மேல போலாங்களா?"

என் முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கு நான் பஸ் படியே பக்கவாட்டுல ஏறுறவ. ஆனா யோசிச்சேன். இது சும்மா கேக்குற கேள்வியா? பரிச்சை! முடியாதுன்னு சொன்னேன்னு வையி, "படி ஏற முடியாதவுக, ராத்திரி பகலா பிரசவம் எப்படிங் பாப்பாங்க?"ன்னு ஒரு வார்த்தை வரும். போச்சு. "ஓ, போலாமே! நீங்க ஏறுவீகளா?"ன்னேன். "நீங்க ஏறுனா ஏறுறனுங்"ன்னாக. அவுகளுக்கும் ஏற மனசில்ல, மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சுது. எனக்கும் இல்ல. ஆனா மரியாதைன்னு ஒண்ணு இருக்கே. சுகந்தி மரத்தடி பெஞ்சுல உக்காந்து, "அம்மா வேண்டாம், அத்தை வேண்டாம்"னு கத்துறா. யாரு கேட்டோம்?

செருப்பைக் கழட்டுனேன். கைடு பதறிப்போயி "நோ நோ"ன்னான். சாமி இருக்கோ இல்லையோ, கோயில்ல செருப்போட ஏற எனக்குக் கால் வராதும்மா. நான் கழட்டுனதைப் பாத்துட்டு அவுகளும் கழட்டிட்டாக.

ஏறிட்டோம். எப்படின்னு கேக்காதே. கயித்தைப் புடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு முருகா போட்டு ஏறுனேன். அவுக ஒரு படி பின்னாடியே வந்தாக. வேணும்னா என்னைய முந்தியிருக்கலாம். முந்தல. அதுவும் மரியாதை.

மேல போனா, ஒரு சின்ன கல்லு மேடை. சுத்திலும் மரத்தோட தலைதான். எங்க ரெண்டு பேரைத் தவிர யாருமில்ல. இதைவிட்டா நேரம் வராதுன்னு, மூச்சைப் புடிச்சுக்கிட்டு ஆரம்பிச்சேன். "இங்க பாருங்க சம்பந்தியம்மா. பிரசவத்துக்கு நான் இருக்கிறதுதான் மொறை..."

உர்ர்ர்ருன்னு ஒரு சத்தம்.

ஆத்தி! ஒரு புலி இல்ல, பத்துப் புலி. காடே அதிருது. நான் அப்படியே சம்பந்தியம்மா மேல பாஞ்சு கழுத்தைக் கட்டிக்கிட்டேன். "கொரங்குங், கொரங்குங்"ன்னு முதுகைத் தட்டுறாக. "கத்துற கொரங்காமுங். கீழ கைடு சொன்னாப்டியே, நீங்க கேக்கலீங்களா?" கொரங்கு எங்கயாச்சும் அப்படிக் கத்துமா? கத்துச்சே! அந்தப் பயத்துல கீழ ஒரு பார்வை பாத்துட்டேன் பாரு, அங்கதான் தொலைஞ்சேன். சுகந்தி ஒரு சுண்டுவிரல் அளவுக்குத் தெரியுறா. படியே காணோம். ஒரே பள்ளம். ரெண்டு காலும் வெடவெடன்னு ஆட ஆரம்பிச்சிருச்சு. அப்படியே உக்காந்துட்டேன். "நான் எறங்க மாட்டேன். இங்கேயே இருந்துக்கிறேன். சோறு மட்டும் யாரு கிட்டயாச்சும் குடுத்து விடுங்க"ன்னு அழுதுட்டேன்.

கீழருந்து பாத்துட்டு மாப்பிள்ளை ஏறி வாராரு. பின்னாடியே எலிசியோ. நான் முதுகைக் காட்டிக்கிட்டு, கயித்தைப் புடிச்சு, பின்பக்கமா ஒவ்வொரு படியா எறங்கணுமாம். படி கண்ணுக்குத் தெரியாதாம், காலை அவங்க புடிச்சு வைப்பாகளாம். யாரு? மாப்பிள்ளை! மாமியா காலை மாப்பிள்ளை புடிக்கிறதா? இல்ல அந்த மாயாக்காரன் புடிக்கிறதா? நான் சேலை கட்டியிருக்கேன், அவுக கீழ நின்னு அண்ணாந்து பாக்கிறதா? "ரெண்டு பேரும் கீழ போகலைன்னா நான் இப்படியே குதிச்சுருவேன்"னு போட்டேன் ஒரு சத்தம். கொரங்கே அடங்கிருச்சு.

சம்பந்தியம்மா முந்தானையை இழுத்துச் சொருகுனாக. "தரணி, நீ கீழ போ கண்ணு. போயி, ஆம்பளைங்க அத்தன பேரையும் அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லு." அதுவரைக்கும் அந்தம்மா குரல் அப்படி எழும்பி நான் கேட்டதே இல்ல. கீழ அஞ்சாறு வெள்ளைக்காரங்க தொப்பியும் கேமராவுமா நின்னாக. அத்தனை பேரும் காட்டைப் பாத்துத் திரும்பிட்டாக. அவுகளுக்கு என்ன புரிஞ்சுதோ, ஒருத்தரு தொப்பியைக்கூடக் கழட்டிட்டாரு.

அந்தம்மா ட்ராக் பேண்ட்டோட சரசரன்னு எனக்குக் கீழ ரெண்டு படி எறங்கி நின்னாக. "கயித்தை விட்ராதீங். காலக் குடுங்."

குடுங்கன்னா எப்படிம்மா குடுக்கிறது? மாப்பிள்ளையைப் பெத்தவுக. நான் பொண்ணைக் குடுத்தவ. எங்க பக்கத்துல சம்பந்தியம்மா காலு நம்ம மேல தெரியாமப் பட்டாலே நம்மதான் மன்னிப்புக் கேட்டுக்குவோம். அவுக என் காலைத் தொடுறதா? "வேண்டாம் சம்பந்தியம்மா, பாவம் வந்து சேரும் எனக்கு"ன்னு கெஞ்சுறேன். "அட, சும்மா இருங்"ன்னு ஒரு அதட்டு. என் வெறுங்காலை, வேர்வையும் மண்ணுமா இருக்கு, குதியோட சேத்து ரெண்டு கையாலயும் கப்புனு புடிச்சாக. தூக்கி, கீழ்ப்படியில வச்சு, ஒரு அழுத்து அழுத்துனாக. "ஓ... ஓ... அப்படித்தான் சாமி. அந்தக் காலக் குடு. பைய. பைய. ஆச்சு தங்கம்."

ஒவ்வொரு படிக்கும் இதே பேச்சு. எனக்கு என்னமோ அந்தக் குரலைக் கேக்கக் கேக்க நடுக்கம் கொறஞ்சுது. பாதி வழியில கேட்டேன், "என்ன சம்பந்தியம்மா, என்னைய சாமி தங்கம்ங்கிறீக?" "பழக்கமுங். எங்க செவலை மாடு தலைச்சன் கண்ணு போடுறப்ப, இப்படித்தானுங் காலு நடுங்கி நின்னுச்சு. ராத்திரி பூராப் புடிச்சுட்டு இருந்தனுங்." கேட்டியா? என்னைய மாடுன்னு நெனச்சு எறக்கியிருக்காக! அந்தரத்துல தொங்கிக்கிட்டு நான் என்னத்தைச் சண்டை போட? "கண்ணு நல்லபடியாப் பொறந்துச்சா?"ன்னு மட்டும் கேட்டேன். "பொறந்துச்சுங். அதையுஞ் சேத்து பத்து ஈத்து ஈனுச்சுங்"ன்னாக.

எறங்கிட்டோம். சுகந்தி ஓடி வந்து என்னையக் கட்டிக்கிட்டு அழுதா. எனக்குக் காலு தரையில இருக்கிறதே நம்ப முடியல.

மத்தியானம் ஒரு கொட்டகையில சாப்பாடு. அரிசியும் பயறும் தேங்காய்ப்பால்ல போட்டு வேக வச்சிருந்தாக. உப்பு கம்மி, மத்தபடி குத்தம் சொல்ல முடியாது. மாப்பிள்ளை பைய ஆரம்பிச்சாரு. "ரெண்டு பேரும் மேல பேசிட்டீங்களா? டிக்கெட் யாருக்குப் போடட்டும்?" நான் வாயைத் தொறந்தேன். மொறை, பாத்தியதை, தாய்வீடு, எல்லாம் மூணு மாசமா மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். தொறந்தா, "எனக்கே போடுங்க மாப்பிள்ளை, அவுக இருக்கட்டும்"னு வந்துருச்சு. என் வாய்தான். என் காதாலயே கேட்டேன்!

சம்பந்தியம்மா கையில எடுத்த சோறு அப்படியே நிக்குது. "ஏனுங், இது உங்க பாத்தியதைங்"ங்கிறாக. "இருங்கன்னா இருங்க"ன்னு எரிஞ்சு விழுந்தேன். சுகந்தி, "அம்மா, உனக்கு வருத்தமா?"ன்னா. "எனக்கென்னடி வருத்தம், ஊர்ல ஆயிரம் வேலை கெடக்கு"ன்னேன். ஒரு வேலையும் கெடக்கலைம்மா. ரிட்டயர் ஆனவளுக்கு என்ன வேலை?

எல்லாம் அந்தம்மா போட்ட திட்டம்ங்கிறேன். என் காலைப் புடிச்சுட்டாகல்ல? இனிமே நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எதுத்துப் பேச முடியும்? "ஏனுங், மேல போலாங்களா"ன்னு கேட்டதுல ஆரம்பிச்சு, எல்லாம் கணக்குப் போட்டுச் செஞ்சிருக்காக. பல்லடம்னா சும்மாவா.

என்ன அப்படிப் பாக்குறே? நம்பலையா?

சரி, உங்கிட்ட என்னத்துக்கு மறைக்கணும். அந்தச் சாப்பாட்டுல அவுக கையைப் பாத்தேன். விரல் முட்டியெல்லாம் கல்லுல உரசித் தோல் பிஞ்சிருந்துச்சு. நான் பாக்குறேன்னு தெரிஞ்சதும் முந்தானையில மறைச்சுக்கிட்டாக. அத்தனை படியிலயும் என் காலுதான் ஆடுச்சு. அந்தக் கை ஆடவே இல்லம்மா. ஒரு தடவைகூட. நான் எப்படியாப்பட்டவ தெரியுமா? எரநூத்தி நாப்பது பிள்ளைகளை மேய்ப்பேன். ஆனா சுகந்திக்குக் காது குத்துறப்ப அவளுக்கு முன்னாடி நான் அழுதவ. சைக்கிள்ல விழுந்து முழங்கையில ரத்தத்தோட வந்து நின்னா, நான் மயக்கம் போட்டுட்டேன். அவதான் பக்கத்து வீட்டுல தண்ணி வாங்கியாந்து என் மூஞ்சியில தெளிச்சா. எட்டு வயசு அப்ப. அந்தப் பிரசவ ரூமுல அவ வலியில துடிக்கிறப்ப நான் இருந்தா, அவ என்னைய இல்ல பாத்துக்கிட்டு இருப்பா? என் மகளுக்கு அந்த நேரம் ஆடாத கை வேணும். அது எங்கிட்ட இல்ல. அதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசுது. அதான் ஊரு பூராவும் அந்தம்மா மேல பழியைப் போட்டுக்கிட்டுத் திரியுறேன்.

அழுகலைம்மா. தூசி. ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து விடு.

ஒம்பது நாளைக்கு முன்னாடி காலையில போன் வந்துச்சு. எடுக்கவே கை வரல. சம்பந்தியம்மாதான். ஊருல வேற யாருக்கும் சொல்லல, மொதல்ல எனக்குத்தான் போட்டிருக்காக. பையன், தாயும் பிள்ளையும் நல்லா இருக்காகன்னு சொன்னாக. பதினாறு மணி நேரம் வலியாம். மாப்பிள்ளை பாதியிலயே தலை சுத்தி விழுந்து, அவரை வெளிய தூக்கிட்டுப் போனாகளாம். இந்தம்மா நின்ன எடத்தை விட்டு அசையலையாம். அப்புறம் சொன்னாக. "சம்பந்தியம்மா, புடிச்சது என் கையத்தானுங். ஆனா கூப்புட்டது பூராவும் உங்களத்தானுங். அம்மா, அம்மான்னேதானுங். ஒரு வாட்டிகூட அத்தைன்னு கூப்புடலீங்."

கேட்டியா? பதினாறு மணி நேரமும் என்னையத்தான்! பக்கத்துல நின்னது அவுக, ஆனா அந்த ரூமுல இருந்தது நானு. இப்ப நீயே சொல்லு, செயிச்சது யாரு?

என்னது? வலின்னா எல்லாரும் அம்மான்னுதான் கத்துவாகளா?

நீ சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும். அங்க நின்ன அந்தம்மாவே சொல்லியிருக்காக, உங்களத்தான் கூப்புட்டான்னு. மயிலாத்தா பொய் சொல்ல மாட்டாக.